கொங்காடை முதல் ரெயின்கோட்டு வரை: நம்ம ஊர் சைக்கிளும் மழையும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஓசூர்ப் பக்கத்து மழையின் குணம் வேறு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால்தான் மழைக்காலம். நமக்கு ஆனி, ஆடியிலேயே கர்நாடகப் பக்கமிருந்து காற்றும் சாரலும் ஆரம்பித்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் முதல் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரமும் அதை ஒட்டித்தான். ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம். நனைந்தால் சீக்கிரம் காயாது, குளிர் எலும்புக்குள் இறங்கும்.

ராஜாக்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. மழையில் சைக்கிள் மிதித்துப் போனவர்களுக்கு இல்லை. அதனால் நான் பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

1983இல் எனக்கு முதல் வேலை. தேன்கனிக்கோட்டையிலிருந்து தளி போகிற வழியில், பஸ் போகாத ஒரு கிராமத்தின் தொடக்கப் பள்ளி. தேன்கனிக்கோட்டை வரை பஸ், அங்கிருந்து ஐந்தரை கிலோமீட்டர் சைக்கிள். நனையாமல் இருப்பது எப்படி என்று எனக்கு முதலில் பாடம் எடுத்தவர் ஆடு மேய்க்கும் குரும்பர் பெரியவர் ஒருவர். "கொப்பெ ஹாக்கொள்ளி, டீச்சரம்மா" என்பார். அவர் தலையிலிருந்து முழங்கால் வரை கருங்கம்பளி தொங்கும். ஒரு மூலையை உள்ளே மடித்துக் கூம்பாக்கித் தலையில் மாட்டிக்கொண்டால் மீதி முதுகில் இறங்கும். கன்னடத்தில் அது கொப்பெ. தமிழில் கொங்காடை, கொங்காணி என்பார்கள். தெலுங்கில் கம்பளிக்கே கொங்கடி என்று பேர். மூன்று மொழி பேசுகிற நம்ம ஊரில் மழைக்கும் மூன்று மொழியில் சொல் இருந்தது.

அந்தக் கம்பளியில் சும்மா நூல் மட்டும் இல்லை. தக்காணத்து ஆட்டு மயிரைக் கையால் நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு நெய்வார்கள். கஞ்சி ஏறிய கம்பளி விறைப்பாக நிற்கும், உடம்போடு ஒட்டாது. ஆட்டு மயிரில் இயற்கையாகவே இருக்கும் கொழுப்பு தண்ணீரை வழியவிடும். அதையும் மீறி உள்ளே போகிற ஈரத்தை மயிரிழையே குடித்துக்கொள்ளும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் கம்பளி தொட்டால் சொட்டச் சொட்ட இருக்காது, உள்ளே சூடும் போகாது. இன்னொரு விஷயமும் உண்டு. கீழே திறந்து கிடப்பதால் உள்ளே காற்று போய் வரும். நாள் முழுக்க மலையேறி இறங்குகிற மனிதனுக்கு வியர்வை வெளியே போக வழி இருந்தது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் திரும்ப வரும்.

ஆனால் கொப்பெ நடக்கிறவனுக்கு ஏற்பட்டது. சைக்கிளுக்கு அது ஆகாது. நனைந்த கம்பளி கனம். ஓரம் சக்கரத்தில் மாட்டும். முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடிக்க ஒரு கை வேண்டும். கைப்பிடிக்கும் பிரேக்குக்கும் இரண்டு கையும் போய்விட்டால் கம்பளியை யார் பிடிப்பது?

சைக்கிளில் போகிறவருக்கு மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு கணக்கு சொல்கிறேன், வாத்தியார் புத்தி போகாது. நடுத்தரமான ஒரு மழைத்துளி மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. நீங்கள் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் போகிறீர்கள். நேராக விழுகிற மழைகூட உங்களுக்கு முன்பக்கமிருந்து சாய்வாக வந்து நெஞ்சிலும் தொடையிலும் அடிக்கும். நடக்கிறவருக்கு நனைவது தலையும் தோளும். சைக்கிள்காரருக்கு முதலில் நனைவது முழங்காலுக்கு மேலே இருக்கிற பாகம். குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். தலை மட்டும்தான் காயும். காற்று ஒரு தட்டு தட்டினால் குடையும் ஆளும் லாரிப் பக்கம் சாய்வார்கள். அதைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கீழிருந்து வரும் தண்ணீர் அடுத்தது. சுற்றுகிற சக்கரம் ரோட்டுத் தண்ணீரைச் சேறோடு வாரி முதுகில் அடிக்கும். இதற்கு மருந்து மட்கார்டு. நம்ம அப்பா, தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் வண்டியைப் பார்த்துச் செய்தது. சதா மழை பெய்கிற நாட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்காக வடிவமைத்த வண்டி என்பதால் சக்கரத்தைப் பாதி சுற்றி வரும் முழு நீள இரும்பு மட்கார்டு, செயினுக்கு மூடி எல்லாம் அதில் இருந்தன. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டியைச் செய்தபோது அந்த மட்கார்டும் கூடவே வந்தது. நம்மவர்கள் அதன் நுனியில் பழைய டயரை வெட்டி ஒரு நாக்கு தொங்கவிட்டார்கள். அதில் எம்.ஜி.ஆர். படமோ முதலாளி பெயரோ இருக்கும். அழகுக்கு என்று நினைத்தவர்கள் உண்டு. பின்னால் வருகிறவர் முகத்தில் சேறு அடிக்காமல் காத்தது அந்த நாக்குதான்.

இப்போது பிள்ளைகள் ஆசைப்படும் கியர் சைக்கிள்களில் மட்கார்டே இல்லை, இருந்தால் கையகல பிளாஸ்டிக். மழை நாளில் அந்தப் பையன்களின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒரு சேற்றுக் கோடு கழுத்து வரை ஏறியிருக்கும். துவைக்கிற அம்மாவைக் கேட்டால் தெரியும், எது நல்ல சைக்கிள் என்று.

மழையில் பிரேக்கும் ஏமாற்றும். இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை வழுக்கும். காய்ந்த ரோட்டில் பிடித்த உடனே நிற்கிற வண்டி, மழையில் பல மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். டயரில் உரசி ஓடுகிற டைனமோவும் ஈரத்தில் வழுக்கி விளக்கை மங்கவைக்கும். பார்வையும் பிரேக்கும் மிக அவசியமான நேரத்தில் இரண்டும் குறைந்துபோகும். நனையாமல் இருப்பதற்காகத் தலையில் எதைப் போட்டாலும் கண்ணையும் காதையும் மறைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி மழைக்கோட்டுக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து சார்லஸ் மேக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை வாங்கினார். நிலக்கரியிலிருந்து விளக்கு எரிக்கும் வாயு எடுத்தபின் மிஞ்சும் கழிவிலிருந்து நாப்தா எடுத்தார்கள். அதில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிக்கு நடுவில் பூசி ஒட்டினார். தண்ணீர் நுழையாத துணி கிடைத்தது. இன்றும் ஆங்கிலேயர்கள் மழைக்கோட்டை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆரம்பகால கோட்டு வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் பலகையாகும், நாற்றம் வேறு. தையல்காரர் ஊசி போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியும். 1844இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு பிசுபிசுப்பு தீர்ந்தது.

தீராதது ஒன்று இருந்தது. வெளித்தண்ணீரை நிறுத்திய துணி உள்தண்ணீரையும் நிறுத்திவிட்டது. சும்மா நிற்கிறவருக்குப் பரவாயில்லை. சைக்கிள் மிதிக்கிறவர் ஓர் இயந்திரம் மாதிரி சூடாவார். பத்து நிமிடத்தில் கோட்டுக்குள் வியர்வை ஓடும். மழையில் நனைந்தாரா வியர்வையில் நனைந்தாரா என்று சட்டையைப் பிழிந்தால் தெரியாது.

இதற்கு ஐரோப்பாவின் சைக்கிள்காரர்கள் கண்ட வழி கோட்டு அல்ல, கேப். நடுவில் தலைக்கு ஓட்டை விட்ட அகலமான துணி. கழுத்தில் மாட்டி, முன்பக்கத்தைக் கைப்பிடி மேல் விரித்துவிடுவார்கள். உட்புறம் கட்டைவிரல் மாட்ட இரண்டு வளையம் இருக்கும், காற்றில் பறக்காது. உடம்பும் தொடையும் கூடாரத்துக்குள் இருப்பது போல் இருக்கும். கீழே முழுக்கத் திறந்திருப்பதால் காற்று ஏறி வியர்வையைக் காயவைக்கும். இங்கிலாந்தில் சைக்கிள் போலீஸ்காரர்கள்கூட இதைத்தான் போட்டார்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம குரும்பர் பெரியவரின் கொப்பெதான். முன்பக்கம் மட்டும் நீட்டியிருக்கிறார்கள்.

நம்ம நாட்டுக்கு மழைக்கோட்டு வந்த கதையில் விடுதலைப் போராட்டமும் சேர்ந்திருக்கிறது. சுதேசி இயக்கத்தில் ஈடுபட்டு, அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பிய சுரேந்திர மோகன் போஸ், 1920இல் கல்கத்தாவில் தம் சகோதரர்களோடு பெங்கால் வாட்டர்ப்ரூஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பெயர்தான் டக்பேக். வாத்து முதுகில் தண்ணீர் ஒட்டாது அல்லவா, அந்தப் பொருள். அந்தப் பெயர் எவ்வளவு செல்வாக்கு பெற்றதென்றால், வேறொரு நிறுவனம் 'டேக்பேக்' என்று பெயர் வைத்து மழைக்கோட்டு விற்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் டக்பேக் பக்கம் தீர்ப்பானது. ஓர் எழுத்து மாறினாலும் காதுக்கு ஒன்றுதானே.

எங்கள் தலைமையாசிரியரிடம் ஒரு டக்பேக் கோட்டு இருந்தது. பள்ளித் தாழ்வாரத்து ஆணியில் தொங்கும். ரப்பர் வாசனை இரண்டாம் வகுப்பு வரை வரும். அதைப் போட்டு ஐந்தரை கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தால் அவர் முகம் வெந்த கிழங்கு மாதிரி இருக்கும். அது குடும்பத்துக்கு ஒன்று வாங்குகிற பொருள். ஊர்க்காரர்களுக்கு எட்டாதது.

ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது உரச்சாக்கு. 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த பாலிதீன், ஐம்பது வருடத்தில் யூரியா மூட்டையாக அஞ்செட்டி மலை வரை வந்துசேர்ந்தது. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகினால் கொங்காணி தயார். கம்பளியின் மடிப்பு அப்படியே சாக்குக்கு மாறியது. கனம் இல்லை, செலவு இல்லை. என் வகுப்பில் மழை நாளில் பத்து யூரியா மூட்டைகள் வரிசையாக நடந்து வரும். எந்த மூட்டைக்குள் எந்தப் பிள்ளை என்று காலைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். கம்பளி நெய்த குடும்பங்கள் தறியை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இதற்கிடையில் ஓசூர் மாறிக்கொண்டிருந்தது. 1971இல் தமிழக அரசு சிப்காட்டை அமைத்து, ஓசூரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தது. பெங்களூரு பக்கத்தில் இருந்ததால் கம்பெனிகள் வந்தன. 1980இல் அசோக் லேலண்டு ஆலை. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபட் இங்கிருந்து வெளிவந்தது. 1984இல் டைட்டன் தொடங்கியது. ஆலைக்குச் சங்கு இருக்கிறது, கேட் இருக்கிறது, அட்டை இருக்கிறது. விவசாயி மழை விட்ட பிறகு வயலுக்குப் போகலாம். ஷிஃப்ட்காரர் போக முடியாது. அஞ்சு நிமிடம் தாமதமானால் அரை நாள் கூலி போகும் என்ற நிலையில், நனைந்தாலும் பரவாயில்லை என்று மிதித்தவர்கள்தான் அதிகம். மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடிப் பக்கம் காலை ஆறு மணிக்கு மழையில் வரிசையாகப் போன சைக்கிள்கள் எனக்கு நினைவிருக்கிறது. சோற்று டப்பா ஒரு பிளாஸ்டிக் பையில், மாற்றுச் சட்டை இன்னொரு பிளாஸ்டிக் பையில், சீட்டுக்கு மூன்றாவது பை. ஆள் மட்டும் நனைவார். பத்திரப்படுத்தியது எதை என்று பார்த்தால் மனிதர் தமக்குக் கொடுத்த இடம் தெரிந்தது.

மொபட்டும் பைக்கும் பெருகியபோது கடைகளுக்கு வந்தது பேண்ட்டும் கோட்டுமான ரெயின்கோட்டு. அது எஞ்சின் ஓட்டுகிறவருக்குச் சரி, அவர் உட்கார்ந்துதானே வருகிறார். ஆனி பிறந்தால் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குவித்து விற்கிறார்களே, அதை வாங்கி சைக்கிள் மிதித்துப் பாருங்கள். கால் சட்டை செயினில் மாட்டும், உள்ளே ஆவி பறக்கும். அமெரிக்காவில் 1969இல் பாப் கோர் என்பவர், டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டி, நுண்துளைகள் கொண்ட படலம் ஆக்கினார். தண்ணீர்த் துளி நுழையாது, வியர்வை ஆவி வெளியே போகும். 1976 முதல் கோர்டெக்ஸ் என்ற பெயரில் துணியாக விற்பனைக்கு வந்தது. அருமையான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் வெளியிலும் உள்ளேயும் ஒரே மாதிரி புழுக்கமாக இருந்தால் அந்த ஆவி வெளியேறுவது குறைந்துவிடும். விலையைக் கேட்டால் இரண்டு சைக்கிள் வாங்கலாம்.

ஆலைக்காரர்கள் இப்போது பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸிலோ பைக்கிலோ போகிறார்கள். மழையில் இன்னும் சைக்கிள் மிதிப்பது யார்? செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி ஓட்டும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள். ரோஜாத் தோட்டத்துக்கு விடியலில் போகிற பெண்கள். அப்புறம் பள்ளிப் பிள்ளைகள்.

பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முயற்சியில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அது வானம் பார்த்த பூமி, அங்கே மழைக்கோட்டுப் பேச்சு எழுந்திருக்காது. 2001-02இல் தமிழக அரசு 11, 12ஆம் வகுப்பு படிக்கும் பட்டியல் இன, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. இந்தத் திட்டத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். பத்தாவதோடு நின்றிருக்க வேண்டிய எத்தனை பெண் பிள்ளைகள் அந்த சைக்கிளால் கெலமங்கலம், ராயக்கோட்டை வரை போய்ப் படித்தார்கள் என்று கண்ணால் பார்த்தவள் நான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மலைப்பகுதிப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மழைக்கோட்டும் பூட்ஸும் தருகிற திட்டம் அரசிடம் இருக்கிறது. சைக்கிள் வருவது பதினொன்றாம் வகுப்பில். கோட்டு நின்ற பிறகுதான் சைக்கிள் வருகிறது. நடந்து போகும் வயதில் மழைக்கு மறைப்பு உண்டு, பத்து கிலோமீட்டர் மிதிக்கும் வயதில் இல்லை. மலையில் இல்லாத ஊர்களுக்கு இரண்டு காலத்திலும் இல்லை.

ஒரு பெண் பிள்ளை ஐப்பசி மாதத்தில் காலையில் நனைந்து வந்தால், அந்தச் சீருடை சாயங்காலம் வரை அவள் உடம்பிலேயேதான் காய வேண்டும். துப்பட்டாவால் மூடிக்கொண்டு கடைசி பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருப்பாள். மாதவிலக்கு நாளாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அடுத்த நாள் மேகம் கறுத்தால் அம்மாவே "இன்னைக்கு வேணாம் கண்ணு" என்று நிறுத்திவிடுவார். வருகைப் பதிவேட்டில் அது காய்ச்சல் என்று எழுதப்படும். என்னிடம் தொடக்கப் பள்ளியில் படித்த பெண்கள் ப்ளஸ் டூ போன பிறகு என்னிடம் வந்து சொன்னவை இவை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெரு தையல்காரரிடம் உட்கார்ந்து ஒரு கேப் தைக்க வைத்தேன். உட்புறம் பூச்சு உள்ள நைலான் துணி, இரண்டரை மீட்டர். தலைக்குத் தொப்பி, ஆனால் கன்னத்தோடு நிற்கிற மாதிரி, திரும்பினால் லாரி தெரிய வேண்டும். முன்பக்கம் கைப்பிடியைத் தாண்டி ஒரு சாண் நீளம், உள்ளே கட்டைவிரலுக்கு நாடா. பின்பக்கம் சீட்டுக்குக் கீழே நாலு விரல் மட்டும். அதற்கு மேல் நீண்டால் சக்கரம் இழுத்துக்கொள்ளும். இடுப்பில் கட்ட ஒரு நாடா, காற்றில் பின்பக்கம் தூக்காமல் இருக்க. முதுகில் மின்னும் பட்டை. தையல் போட்ட இடத்தில் எல்லாம் உட்புறம் டேப் ஒட்டச் சொன்னேன், மேக்கின்டாஷ் காலத்து ஓட்டைக் கதை தெரியுமே! மடித்தால் புத்தகப் பைக்குள் ஒரு நோட்டு அளவு இடம்தான். துணியும் கூலியும் சேர்த்து, பஸ் ஸ்டாண்டு ரெயின்கோட்டை விடக் குறைவாகவே ஆனது.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்தேன். முதல் நாள் "வவ்வால் மாதிரி இருக்கு மிஸ்" என்று வெட்கப்பட்டாள். இரண்டாம் மழைக்கு அவள் தோழி அளவு கொடுக்க வந்தாள். இதுவரை ஒன்பது தைத்தாயிற்று. முழங்காலுக்குக் கீழே இன்னும் நனையத்தான் செய்கிறது. அதற்குப் பிள்ளைகள் செருப்போடு வந்து, ஷூவைப் பையில் வைத்து வகுப்பில் மாற்றிக்கொள்கிறார்கள்.

அளவுத் தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்பவர்கள் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் என் பழைய மாணவர்கள் ஆடி பிறப்பதற்குள் கேட்டால் நல்லது. ஐப்பசியில் தையல்காரருக்குத் தீபாவளித் துணி வந்துவிடும், நம்மை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.